மேட்டில் பாயும், சமதளத்தில் இருமும்!
(ஒரு பழைய ஹெரால்டு காரின் மிஸ்ஸிங் பாடம்)



'பேட்டரி காயில் இக்னிஷன் அமைப்பைப் படம் வரைந்து விளக்குக' என்ற கேள்விக்கு நாம் எல்லோருமே படம் போட்டிருக்கிறோம். நானும் போட்டேன். ஸ்கேல் வைத்து, பெட்டி பெட்டியாக, அம்புக்குறி எல்லாம் போட்டு! மார்க்கும் வந்தது. அதே அமைப்பு ஒரு நிஜக் காரில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து ஒரு வாரம் சிரித்தது. அந்தக் கதையைத்தான் இந்த மலருக்கு எழுதுகிறேன்.

எலவனாசூர்கோட்டையில், உளுந்தூர்பேட்டை - சேலம் சாலையை ஒட்டி என் மாமா ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கிறார். டிராக்டர், லோடு ஆட்டோ, கரும்பு சீசன் வந்தால் டிப்பர். இதுதான் வழக்கமான வரவு. கோடை விடுமுறையில் நான் அங்கே ஸ்பேனர் பிடிப்பது வழக்கம். போன மே மாதம் ஒருநாள் காலையில் வெளிர்நீலத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருமிக்கொண்டே வந்து நின்றது. 1966 மாடல், இரண்டு கதவு. ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார்.

ஹெரால்டைப் பற்றி இரண்டு வரி. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டைத்தான் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் இங்கே தயாரித்தது. 948 சி.சி., நாலு சிலிண்டர். இதே சேஸிஸைக் குறுக்கி, இதே என்ஜின் குடும்பத்தில் 1147 சி.சி. வைத்து 1962-இல் வெளிவந்ததுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. ஹெரால்டுக்கு ஒற்றை கார்புரேட்டர், ஸ்பிட்ஃபயருக்கு இரண்டு. இரண்டிலும் பானட் என்று தனியாக இல்லை. முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்! ஆக, இங்கே சொல்லப்போவது அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் அப்படியே பொருந்தும்.

வாத்தியார் சொன்ன கம்ப்ளெயிண்ட் இது: "தம்பி, நல்லாத்தான் போகும். திடீர்னு வெட்டும். பின்னால சைலன்சர்ல பட்டாசு வெடிக்கும். அப்புறம் தானா சரியாயிடும். நேத்து லாரியை ஓவர்டேக் பண்ணிட்டு காலை லேசா எடுத்தேன், குலுக்கிடுச்சு. பின்னால பஸ்காரன் ஹாரன் அடிச்ச அடியில எங்க வீட்டம்மா சாமியையெல்லாம் கூப்பிட்டுட்டாங்க."

அவர் மனைவிக்கு முட்டி வலி. பஸ் படி ஏற முடியாது. மாதம் ஒருமுறை கள்ளக்குறிச்சிக்கு மருத்துவம் பார்க்க இந்தக் காரில்தான் போய் வருவது. ஏற்கெனவே பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். "இந்த வாரம் சரியாகலைன்னா கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். அதைச் சொல்லும்போது காரைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்.

மாமா டிராக்டர் கிளட்சில் மும்முரமாக இருந்ததால், "மாப்ள, நீ பாரு" என்றார். எனக்குக் கொம்பு முளைத்தது!

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்று படித்திருந்தேன். போதாததற்கு மே மாத வெயில். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும் 'வேப்பர் லாக்' வேறு மண்டையில் ஓடியது. முடிவு கட்டிவிட்டேன்: பெட்ரோல் பக்கம்தான் கோளாறு. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, கிட் போட்டு, ஃபில்டர் மாற்றி, ஹோஸ் மாற்றி... பொருளுக்கு மட்டும் 2,800 ரூபாய். ஷெட்டில் ஐடிலிங் வைத்தேன், கடிகாரம் மாதிரி ஓடியது. ஆக்ஸிலரேட்டரை ஒரு உலுக்கு உலுக்கினேன், சீறியது. வாத்தியார் சந்தோஷமாக எடுத்துப் போனார். தியாகதுருகம் தாண்டுவதற்குள் போன் வந்துவிட்டது.

மாமா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "எப்ப வெட்டுதுன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லையே! எப்போதும் இருக்கும் கோளாறு என்றால் வண்டியை நிறுத்திவைத்தே தேடலாம். வந்து வந்து போகும் கோளாறு அப்படியல்ல. அது எந்த நிலைமையில் வருகிறது, எந்த நிலைமையில் ஒளிகிறது என்று தெரியும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக்கூடாது. தொட்டால், கோளாறு தற்செயலாக ஒளிந்திருக்கும் நேரத்தில் 'நாம் மாற்றிய பொருளால்தான் சரியாச்சு' என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். நான் செய்தது அதேதான்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். வாத்தியார் ஓட்ட, நான் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக. கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை. வெட்டும்போதெல்லாம் எந்த கியர், ஏற்றமா சமமா, கால் எவ்வளவு அழுத்தியிருக்கிறது, என்ஜின் சூடு எவ்வளவு என்று குறித்தேன். திரும்பி வந்து பார்த்தால் நோட்டில் இருந்தது இதுதான். சமதளத்தில், டாப் கியரில், கால் லேசாக வைத்து ஒரே வேகத்தில் போகும்போது பதினொரு முறை வெட்டியிருக்கிறது. மலையில் செகண்ட் கியரில் காலை முழுக்க அழுத்தி ஏறும்போது ஒருமுறைகூட இல்லை. காலை முழுக்க எடுத்துவிட்டு இறங்கும்போதும் இல்லை. ஐடிலிங்கிலும் இல்லை. காலைக் குளிரிலும் வந்தது, பத்து மணி வெயிலிலும் வந்தது.

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பெட்ரோல் பற்றாக்குறை என்றால் எங்கே முதலில் தெரிய வேண்டும்? என்ஜின் அதிகம் குடிக்கும் மேட்டில்! அங்கே வண்டி பாய்கிறது. அதுவுமில்லாமல், பெட்ரோல் குறைந்தால் இழுவை மெள்ள மெள்ளச் சாகும். ஸ்பார்க் போனால் கத்தியால் நறுக்கின மாதிரி வெட்டும். எரியாமல் போன கலவை சூடான சைலன்சரில் போய் வெடிக்கும். (மின்சார டேக்கோமீட்டர் உள்ள கார் என்றால் இன்னும் சுலபம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று கீழே விழுந்து எழுந்தால் காயிலின் பிரைமரி சர்க்யூட்டில்தான் கோளாறு.) வாத்தியார் முதல் நாளே "வெட்டும், வெடிக்கும்" என்று சொன்னார். என் காதில் விழவில்லை. எத்தனால் அடைத்திருந்தது!

காயிலோ கண்டென்சரோ சூட்டில் கெடுவது உண்டு. ஆனால் இது குளிரிலும் வந்தது. ஸ்பார்க் பிளக்கோ ஹெச்.டி. ஒயரோ பலவீனம் என்றால், சிலிண்டரில் அழுத்தம் அதிகமாகும் முழு ஆக்ஸிலரேட்டரில்தான் முதலில் தெரியும். அதுவும் இல்லை. அப்படியானால் லேசான ஆக்ஸிலரேட்டரில் மட்டும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நடப்பது என்ன?

வேக்குவம் அட்வான்ஸ்! ஆக்ஸிலரேட்டர் பாதி திறந்து சீராக ஓடும்போது கார்புரேட்டர் வழியாக வரும் உறிஞ்சல் ஒரு டயாஃப்ரத்தை இழுக்கிறது. அது பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைத் திருப்புகிறது. முழுக்கத் திறந்தால் உறிஞ்சல் போய்விடும். ஐடிலிங்கில் துவாரம் த்ராட்டிலுக்கு மேலே இருப்பதால் அங்கேயும் உறிஞ்சல் இல்லை. என் நோட்டில் இருந்த பட்டியலும் இதுவும் அச்சுப் பிசகாமல் ஒன்று! தேர்வில் இந்தத் தட்டை நான் ஒரு கோடாகப் போட்டிருந்தேன். அது அசையும் என்று தெரியும். அசையும்போது அதோடு சேர்ந்து ஒயரும் வளையும் என்று தோணவில்லை.

உடனே பிரிக்கவில்லை. (புத்தி வந்துவிட்டது.) வேக்குவம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து முனையை அடைத்து, அதே சமதளத்தில் அதே வேகத்தில் ஓட்டினோம். வெட்டே இல்லை! குழாயை மாட்டினோம். மூன்றாவது கிலோமீட்டரில் வெட்டியது.

அப்புறம் ஷெட்டில் செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். பாயிண்ட் நன்றாக மூடியிருக்கும் இடத்தில் என்ஜினை நிறுத்தி, இக்னிஷன் ஆன். மல்டிமீட்டரின் ஒரு முனை காயிலில் 'சி.பி.' என்று எழுதிய டெர்மினலில், மறுமுனை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், காட்டியது. வேக்குவம் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். தட்டு திரும்பியது, மீட்டர் 12 வோல்ட்டுக்குத் தாவியது! விட்டால் பூஜ்யம், உறிஞ்சினால் 12. மாமா கிளட்சை விட்டுவிட்டு எழுந்து வந்தார். அடுத்து ஒரு முனையைத் தட்டிலும் மறுமுனையை உடம்பிலும் வைத்தேன். உறிஞ்சினால் அங்கேயும் 12. ஆக, தட்டையும் உடம்பையும் இணைக்கும் சின்ன எர்த் ஒயரில்தான் விஷயம். மேலே துணி உறை முழுசாக இருந்தது. இழுத்துப் பார்த்தால் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, முனைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. ஐம்பது வருடத்துக்கு மேல் வளைந்து வளைந்து நிமிர்ந்தால் எதுவும் அறும்.

இரண்டு எச்சரிக்கை. பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனை ரொம்ப நேரம் ஆனில் வைக்காதீர்கள், காயில் சூடாகும். இரண்டாவது, பழைய இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரியைப் பார்த்துவிட்டு மீட்டர் பிடியுங்கள்.

அதன்பின் வேலை சுருக்கம். வீட்டு ஒயரிங் துண்டு போட்டால் விறைப்பில் சில நாளில் மறுபடி அறும். மெல்லிய பல இழை ஒயர் எடுத்து, இரண்டு முனையிலும் லக் வைத்துப் பற்றவைத்து, தட்டு முழுக்கத் திரும்பினாலும் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டு, கேமில் உரசாமல் மாட்டினோம். பாயிண்ட் இடைவெளி 15 தௌ, அதாவது 0.38 மி.மீ. டைமிங் மறுபடி பார்த்தோம். 3000 ஆர்.பி.எம்-இல் இந்த என்ஜினுக்கு விநாடிக்கு 100 ஸ்பார்க் வேண்டும். அத்தனையும் அந்த நூல் மாதிரி ஒயர் வழியாகத்தான் பூமிக்கு வர வேண்டும்.

'இந்தக் காலத்துக் காருக்கு இதெல்லாம் எதற்கு, ஸ்கேனர் மாட்டினால் பி 0300 என்று கோடு வந்துவிடுமே' என்று நம் வகுப்பில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. வரும். ஆனால் அந்தக் கோடோடு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒன்றும் சேமிக்கப்படுகிறது. கோளாறு பதிவான நேரத்தில் ஆர்.பி.எம். எவ்வளவு, லோடு எவ்வளவு, கூலண்ட் சூடு எவ்வளவு என்று. வெள்ளிமலை ரோட்டில் நான் நோட்டில் கிறுக்கியதும் அதுதான். கோடை மட்டும் படித்துவிட்டுக் காயிலை மாற்றுகிறவர், 2,800 ரூபாய்க்கு கார்புரேட்டரைக் கழுவிய என் கட்சி!

பில் போடும்போது மாமா ஒயருக்குப் பத்து ரூபாய் எழுதினார். லேபர் என்ற இடத்தில் கோடு போட்டார். கிட், ஃபில்டர், ஹோஸ் காசை என் விடுமுறைச் சம்பளத்தில் பிடித்து வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்தார். வாத்தியார் ஹோஸுக்கு மட்டும் காசை எடுத்துக்கச் சொல்லி வற்புறுத்தினார். "அது பழசுதானே தம்பி, எப்படியும் மாத்த வேண்டியதுதான்."

அடுத்த வாரம் அவரும் அம்மாவும் கள்ளக்குறிச்சி போய்வரும் வழியில் ஷெட்டில் நிறுத்தினார்கள். போக வர ஒரு வெட்டு இல்லையாம். பழைய இரும்புக்காரர் போன் செய்தாராம், எடுக்கவில்லையாம். ஆனால் திருப்பத்தில் ஸ்டியரிங் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிறதாம். எந்தப் பக்கம் திருப்பினால் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.