உப்பு வாரும் மாதங்களில் ஓ.எஸ். அசைன்மென்ட்

மழை ஓய்ந்து சனவரியில் மரக்காணத்துப் பாத்திகளைச் சீர்செய்யும் நேரத்தில்தான் நாலாவது செமஸ்டரும் தொடங்குகிறது. கூடவே ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தின் எழுத்து அசைன்மென்ட்டுகளும். விடியுமுன் அளத்துக்குப் போய்விட்டு, குளித்து, திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப் போனவன்தான் நானும். இப்போது சிவப்புப் பேனா என் கையில்.

செய்ய வேண்டியவை

• கேள்வியை முழுசாக எழுதி, கொடுத்த எண்களுக்கு அடிக்கோடிடுங்கள்.

• பேஜ் ரீப்ளேஸ்மென்ட் என்றால் கட்டம் போடுங்கள். மேலே பக்க எண்கள், கீழே ஃபிரேம்கள், கடைசி வரியில் ஃபால்ட் குறி. எல்லாக் கல்லூரியிலும் சுற்றிவரும் வரிசை ஒன்று உண்டு: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. ஃபைஃபோ முறையில் 3 ஃபிரேமுக்கு 9 ஃபால்ட், 4 ஃபிரேமுக்கு 10. இடம் கூடினால் ஃபால்ட் குறையும் என்றுதானே மனசு சொல்கிறது? அதை நம்பி 8 என்று எழுதிவருபவர்கள் உண்டு. அது எல்.ஆர்.யு. முறையின் விடை. ஏழாவதாக 5 வரும் இடத்தைப் பாருங்கள். 4 ஃபிரேமில் மூத்த பக்கம் 1. அது வெளியேறுகிறது, அடுத்துக் கேட்பதே 1. அதை உள்ளே விட 2 போகிறது, அடுத்துக் கேட்பது 2. மூன்றே ஃபிரேம் இருந்தபோது 1, 2 இரண்டும் அப்போதுதான் புதிதாக வந்திருந்ததால் தப்பித்தன. பெலாடியும் சகாக்களும் 1969இல் எழுதிய முரண் இதுதான். கட்டம் போட்டவருக்குக் கண்ணெதிரே தெரியும், போடாதவருக்குப் பெயர் மட்டும் தெரியும்.

• அலகு எழுதுங்கள். மூட்டையா டன்னா என்று சொல்லாமல் உப்பு விலை பேச முடியுமா? பக்கம் 4 கேபி என்றால் 4096 பைட், அதாவது ஆஃப்செட் 12 பிட். முகவரி 32 பிட் என்றால் பக்க எண்ணுக்கு மிச்சம் 20.

• பால்பாயின்ட் பேனா. நம் காற்றில் தாள் நமத்துப்போகும், ஜெல் மை பரவும். எழுதியதை பிளாஸ்டிக் கவரில் வையுங்கள்.

செய்யக்கூடாதவை

• சீனியர் தாளை இறக்காதீர்கள். நான் இறக்கியிருக்கிறேன். ரவுண்ட் ராபின் கணக்கு. மூன்று பிராசஸ், 24, 3, 3 மில்லிசெகண்ட், மூன்றும் ஒரே நேரத்தில் வந்தவை. சீனியருக்கு டைம் குவாண்டம் 4, எங்களுக்கு 3. சராசரிக் காத்திருப்பு அவருக்கு 5.67, எங்களுக்கு 5 வரவேண்டும். 5.67ஐ அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தேன். சார் திட்டவில்லை. "இந்த 4 எங்கிருந்துப்பா வந்தது?" என்று மட்டும் கேட்டார்.

• நேரம் குறிக்காமல் கான்ட் சார்ட் வரையாதீர்கள். வெறும் பெட்டிகளை வைத்து நான் என்ன திருத்த?

• படிகளைத் தாண்டாதீர்கள். உவர்நீரின் அடர்த்தி 25 டிகிரி பாமேயைத் தொடுமுன் உப்புப் பாத்திக்கு விடுவோமா? கணக்கில் மட்டும் ஏன் அவசரம்?

• தேர்வின் 13 மதிப்பெண் கேள்விக்கு எழுதும் பழக்கத்தில் பக்கத்தை நிரப்பாதீர்கள். கணக்குக்கு முன்னால் ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்னவென்று முக்கால் பக்கம் எழுதினால் அதை யாரும் படிப்பதில்லை.

• சாட்ஜிபிடியிடம் முதலில் கேட்காதீர்கள். உங்கள் கட்டம் முடிந்தபின் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்கள் ஒத்துவராவிட்டால் எந்தக் கட்டத்தில் பிரிகிறது என்று தேடுங்கள், சில சமயம் நீங்கள்தான் சரி.

• உப்பு வாரும் நாளின் இரவுக்கு எழுத்தைத் தள்ளாதீர்கள். எந்த நாள் என்பது வீட்டில் முன்பே தெரியும். எழுத்து தள்ளிப்போனால் வந்து சொல்லுங்கள், காரணம் காட்ட விரல்களை நீட்ட வேண்டாம். உப்பு அறுத்த விரலுக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், அதற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. 1ஆ 7ஆ என்பது மட்டும் தெளிவாகத் தெரியட்டும்.