பழைய கார் ஹெட்லைட்டுக்கு ரிலே: லக்கைச் சரியாகக் கிரிம்ப் செய்வது எப்படி?

பழைய காரில் ஹெட்லைட் மங்கினால் பலரும் முதலில் பல்பைத்தான் மாற்றுகிறார்கள். 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் போட்டால், ஏற்கெனவே திணறும் வயரும் சுவிட்சும் இன்னும் சூடேறும், ஹோல்டர் உருகும். கோளாறு பெரும்பாலும் பல்பில் இல்லை. பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வரை போய்த் திரும்புவதற்குள், மெல்லிய வயரிலும் தேய்ந்த காண்டாக்டிலும் வோல்டேஜ் குறைந்துவிடுகிறது. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும்.

முதலில் அளந்து பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியின் இரு முனைகளிலும், பிறகு எரியும் பல்பின் முனைகளிலும் வோல்டேஜ் பாருங்கள். வித்தியாசம் ஒரு வோல்ட்டைத் தாண்டினால், பழைய சுவிட்சின் கட்டளையில் பேட்டரி மின்சாரத்தை நேரே பல்புக்கு விடும் ரிலே போடலாம். லைட்டை கம்ப்யூட்டர் வழியாக இயக்கும் புதிய கார்களில் இந்த வேலை வேண்டாம். மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது.

ரிலேயும் ஃபியூசும் கடையில் கிடைக்கும். அவற்றை இணைக்க வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும், அதாவது கிரிம்ப் செய்யும், உலோக லக்குகள்தான் நம் கைவேலை. வயரை முறுக்கி டேப் சுற்றினால் அன்றைக்கு எரியும். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி, அதிர்வில் முறுக்கு தளர்ந்து, ஈரம் ஏறிச் செம்பு பச்சை பிடிக்கும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் இங்கே ஒத்துவராது. ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்துக்கொள்ளும், அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு தாங்காமல் வயர் முறியும். நன்றாகக் கிரிம்ப் செய்த லக்கில் இழைகளும் உலோகமும் இடைவெளியின்றி நசுங்கி ஒன்றையொன்று கவ்வுவதால், காற்றும் ஈரமும் உள்ளே புகாது.

அந்த அழுத்தம் குறட்டால் வராது. வயர் வெட்ட, உரிக்க, நசுக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே தகட்டில் வரும் மலிவான கருவியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்தம் ஒவ்வொரு முறையும் கை பலத்துக்கு ஏற்ப மாறும். ராட்செட் வைத்த கிரிம்பிங் டூல் வாங்குங்கள். முழுதாக அழுத்தி முடிக்கும்வரை அதன் வாய் திறக்காது. தாடையை மாற்றக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் உங்களுக்கு இரண்டு வகைத் தாடை தேவைப்படும். சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்லீவுடன் வரும் லக்குகளுக்கு முட்டை வடிவப் பள்ளம் வேண்டும். ஸ்லீவ் இல்லாமல் இரண்டு ஜோடி இறக்கைகளோடு வரும் லக்குகளுக்கு, அந்த இறக்கைகளை உள்பக்கமாகச் சுருட்டி அமுக்கும் பள்ளம் வேண்டும். கம்பெனி கப்ளருக்குள் இருப்பவை இந்த இரண்டாவது வகைதான்: ஒரு ஜோடி செம்பைப் பிடிக்கும், பின்னால் உள்ள ஜோடி இன்சுலேஷனைப் பிடித்து அதிர்வைத் தாங்கும். ஒன்றின் தாடையில் மற்றதை வைத்தால் எவ்வளவு அழுத்தியும் பயனில்லை.

ஸ்லீவின் நிறம் வயரின் அளவைச் சொல்லும். சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ., நீலம் 1.5 முதல் 2.5, மஞ்சள் 4 முதல் 6. மெல்லிய வயரைப் பெரிய லக்கில் மடித்துத் திணிக்காதீர்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிலே, ஹோல்டர், ஆட்டோ வயர் எல்லாம் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும், டூலும் மல்டிமீட்டரும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்க்கலாம். வயர் வாங்கும்போது ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள். பேட்டரியிலிருந்து வரும் வயருக்கும் எர்த்துக்கும் 2.5 சதுர மி.மீ. போடுங்கள். ரிலேயை இயக்கும் வயருக்கு 0.75 போதும்.

இனி வேலை. பேட்டரியின் நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவில் கை வைத்தால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியே ஷார்ட் ஆகிவிடும். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்களை, தண்ணீர் தேங்காதபடி கால்கள் கீழே பார்க்க, பொருத்துங்கள். 30-ஆம் காலுக்குப் பேட்டரி பாசிட்டிவ், 87-லிருந்து பல்புக்கு, 86-க்குப் பழைய ஹெட்லைட் வயர், 85-க்கு எர்த். சில வண்டிகளில் சுவிட்ச் நெகட்டிவ் பக்கம் இருக்கும். அங்கே 85, 86 இணைப்பு வேறுபடும் என்பதால் மீட்டரால் உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள். இரண்டு 60 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். ஒவ்வொரு ரிலேக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். ஃபியூசுக்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

ஒவ்வொரு லக்குக்கும் முறை ஒன்றுதான். ஸ்ட்ரிப்பரால் உரியுங்கள், பல்லாலோ கத்தியாலோ வேண்டாம். நான்கு இழை அறுந்தாலும் மறுபடி வெட்டி உரியுங்கள். பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள், லக் போட்டபின் நுழையாது. செம்பின் நுனி லக்கின் குழலுக்கு வெளியே ஒரு மி.மீ. தெரிய வேண்டும். ராட்செட் தானாக விடும்வரை அழுத்துங்கள். பிறகு வயரைப் பலமாக இழுங்கள். உருவிக்கொண்டு வந்தால் அந்த லக்கைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். ஒருமுறை நசுங்கியதை மீண்டும் நசுக்கக் கூடாது. இழுப்பைத் தாங்கினால் ஹீட் ஷ்ரிங்க் குழாயை அதன் மேல் நகர்த்திச் சூடுகாட்டிச் சுருக்குங்கள். எர்த் லக் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட்டை இறுக்குங்கள்.

வயர்களை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, சைலென்சர் மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். நெகட்டிவைக் கடைசியாக மாட்டி லைட்டைப் போடுங்கள். கால் மணி நேரம் எரிந்தபின் ஒவ்வொரு லக்கையும் ஸ்லீவின் மேல் தொட்டுப் பாருங்கள். வயரைவிட லக் சூடாக இருந்தால் அந்த இணைப்பு சரியில்லை, வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள். தொடக்கத்தில் எடுத்த அளவை மீண்டும் எடுத்தால், அந்த ஒரு வோல்ட் வித்தியாசம் பெருமளவு குறைந்திருக்கும். இப்போது வெளிச்சம் கூடியிருப்பதால், காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி லோ பீமின் உயரத்தைப் பாருங்கள். எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி ஸ்க்ரூவைத் திருகிக் கீழே இறக்குங்கள்.