மறதிநோயும் திருமுறை இசையும்

இறைவனை இசையினால் வழிபடுதல் சைவசமயிகளாகிய எமக்கு வழிவழியாக வந்த நெறியாகும். பூசையின்போது ஓதப்படும் பஞ்சபுராணம், மார்கழி அதிகாலையில் பாடப்படும் திருவெம்பாவை, பயன் சொல்லிப் படிக்கப்படும் கந்தபுராணம், விரதகாலத்துப் பிள்ளையார்கதை, நவராத்திரியில் பாடசாலைப் பிள்ளைகள் சேர்ந்து பாடும் சகலகலாவல்லிமாலை ஆகிய யாவும் பொருள் விளங்கும் முன்னரே எமது செவியிலும் நாவிலும் படிந்துவிடுகின்றன. பொருள் தெரியாமல் பாடமாக்குவதால் என்ன பயன் என இக்காலத்தில் சிலர் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு மருத்துவ விஞ்ஞானம் எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து விடை தருகின்றது.

வயது முதிர்ந்த ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, பெற்ற பிள்ளையை அடையாளம் காணாமல் தடுமாறும்போது "அறளை பெயர்ந்து போச்சு" என்று கூறி நாம் அப்பால் போய்விடுகின்றோம். இது முதுமையின் இயல்பன்று. மூளையைத் தாக்கும் நோய். டிமென்சியா எனப்படும் இம்மறதிநோயின் வகைகளுள் அதிகமாகக் காணப்படுவது அல்சைமர் நோயாகும். ஜேர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் இதனை முதன்முதலில் எடுத்துரைத்தார். எமது நாட்டில் ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பட்டு 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நூறு பேரில் ஏறத்தாழ நால்வருக்கு மறதிநோய் இருப்பதாகக் கண்டது. தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு என்பனவும் இதே போன்ற தடுமாற்றத்தை உண்டாக்கும். அவை மருந்தினால் சீர்செய்யக் கூடியவை. ஆகையால் நூல் கட்டுவதற்கும் பார்வை பார்ப்பதற்கும் முன்னர் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். முற்பிறவி வினையென்று கூறி நோயாளியை அறைக்குள் ஒதுக்கி வைத்தல் சைவநெறிக்கு ஏற்றதன்று.

அல்சைமர் நோயில் புதிய நினைவுகளே முதலில் அழிகின்றன. காலையில் உண்ட இடியப்பம் மறந்துபோகும். சிறுவயதில் குளித்த கேணி நினைவிலிருக்கும். நாளடைவில் பழையவையும் மங்கும். ஆயினும் பாடல் மட்டும் ஏன் எஞ்சி நிற்கின்றது? ஜேர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மக்ஸ் பிளாங் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். நெடுங்காலம் பழகிய இசையை இனங்காணும்போது இயங்கும் மூளைப் பகுதிகள், அல்சைமர் நோயினால் ஒப்பீட்டளவில் குறைவாகவும் காலந்தாழ்த்தியுமே பாதிக்கப்படுகின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை. அத்தோடு, பலமுறை ஓதிப் பழகிய பாடல் சைக்கிள் ஓடுவதைப் போன்ற ஒரு பழக்கமாகிவிடுகின்றது. ஓர் அடியைத் தொடங்கினால் அடுத்த அடி தானாகவே வரும். அடியேன் அறிந்த மூதாட்டி ஒருவர் தம் மகளைத் தங்கை என்றே அழைப்பார். இன்ன நாள் என்பதும் அவருக்குத் தெரியாது. ஆனால் யாரேனும் திருவெம்பாவையைத் தொடங்கிவிட்டால் இடையில் எவர் பிழைவிட்டாலும் திருத்துவார்.

சைவ அடியார்கள் செல்வத்தையும் ஆயுளையும் விட 'மறவாமை' என்ற வரத்தையே பெரிதாகக் கேட்டனர். மீண்டும் பிறக்க நேர்ந்தால் இறைவனை மறவாதிருக்க வேண்டும் எனக் காரைக்காலம்மையார் வேண்டியதைப் பெரியபுராணத்தில் காண்கின்றோம். அப்படியிருக்க, வாழ்நாள் முழுவதும் கோயிற்படி மிதித்த தாய் திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு இது என்னவென்று கேட்கும்போது பிள்ளைகளின் மனம் உடைகின்றது. அம்மா சாமியையும் மறந்துவிட்டாரே என்று அவர்கள் கலங்குகின்றனர். இவர்களுக்கு ஆறுதலாகச் சுந்தரமூர்த்தி நாயனாரின் வாக்கு உண்டு. திருப்பாண்டிக்கொடுமுடியில் அருளிய நமச்சிவாயத் திருப்பதிகத்தில், தாம் மறக்க நேரினும் தமது நாக்கு திருவைந்தெழுத்தைச் சொல்லும் என்ற பொருள்பட அவர் பாடுகின்றார். பக்தியின் பெருக்கத்தில் பிறந்த வாக்கு அது. ஆயினும் மறதிநோயாளர் ஒருவரின் அருகே அமர்ந்தவர்களுக்கு அது கண்முன்னே நிகழ்கின்ற செய்தியாகவும் தோன்றும்.

இனி இதை வீட்டில் எவ்வாறு செய்வது என நோக்குவோம். மறதிநோயாளர் பலருக்குப் பொழுது சாயும் வேளையில் பதற்றம் மிகும். தம் வீட்டிலேயே இருந்துகொண்டு "வீட்டை போகவேணும்" என்று படலையைத் திறக்க முயல்வர். அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் லிண்டா கேர்ட்னர், பதற்றம் உச்சமடையும் நேரத்துக்கு ஏறத்தாழ அரைமணி முன்னதாகவே, நோயாளர் தாமே விரும்பிய இசையைக் கேட்கச் செய்யவேண்டும் என்ற முறையை வகுத்தார். 2000ஆம் ஆண்டில் வெளியான அவரது ஆய்வில், பொதுவான மென்மையான இசையைவிட அவரவர்க்குப் பிடித்த இசையே பதற்றத்தைக் கூடுதலாகத் தணித்தது. எமது வீடுகளில் இந்நேரம் விளக்கேற்றும் நேரமாகும். கால்முகம் கழுவி, திருநீறு பூசி, விளக்கின் முன் அமர்ந்து தேவாரம் பாடும் வழக்கத்தைச் சற்று முன்னதாகத் தொடங்கினாலே போதுமானது. விளக்கொளியும் திருநீற்றின் மணமும் பாட்டும் சேர்ந்து, அடுத்து நடக்கவிருப்பது என்ன என்பதை நோயாளருக்கு உணர்த்துகின்றன.

எப்பாடலைப் பாடுவது என்பதில் எமது விருப்பத்தைத் திணிக்கலாகாது. அவர் பத்து வயது முதல் இருபத்தைந்து வயது வரையில் பாடியது எது என்பதை அவரது சகோதரரிடம் கேட்டறிதல் நன்று. சிலருக்கு அது தேவாரமாக இருக்கும். சிலருக்கு யோகர் சுவாமிகளின் நற்சிந்தனைப் பாடலாகவோ பாகவதரின் சினிமாப் பாட்டாகவோ இருக்கும். சினிமாப் பாட்டானாலும் பாதகமில்லை. அவர் பழகிய மெட்டை மாற்றாமல், குரலைத் தாழ்த்தி, மெதுவாகப் பாடவேண்டும். "ஆச்சி, இது ஆர் பாடின தேவாரம், சொல்லுங்கோ பாப்பம்" என்று சோதிப்பது அவரைக் கூசச் செய்யும். "ஆச்சி, நாங்கள் பாடுவமே?" என்று கேட்டுத் தொடங்குவது தகும். சொற்கள் வராவிடில் தாளம் போடட்டும். அதுவும் இயலாவிடில் கேட்டுக்கொண்டிருக்கட்டும். ஒன்றை மறக்கலாகாது. எமது பகுதியில் மரணச் சடங்கின்போது திருப்பொற்சுண்ணம் பாடப்படுகின்றது. கணவரையோ பிள்ளையையோ இழந்த ஒருவருக்கு அது இழவு வீட்டையே மீண்டும் கொண்டுவரும். முகம் வாடினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

இசை மறதிநோயை மாற்றும் மருந்தன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018ஆம் ஆண்டில் வெளியான கொக்ரேன் மீளாய்வு, இசைச் சிகிச்சை மனச்சோர்வையும் நடத்தைச் சிக்கல்களையும் ஓரளவு குறைக்கக்கூடும் என்றும், நினைவாற்றலிலும் பதற்றத்திலும் பெரிய மாற்றத்தைத் தருவதாகத் தெரியவில்லை என்றும் கூறியது. ஒருவருக்கு உதவுவது மற்றொருவருக்கு உதவாமல் போகலாம். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுப் பாட்டை நம்பியிருத்தல் கூடாது.

பராமரிப்பவரின் நிலையையும் சொல்லவேண்டும். பெரும்பாலும் மகளோ மருமகளோதான் இரவு பகலாக விழித்திருக்கின்றார். அவரது களைப்பை ஊரார் எவரும் கேட்பதில்லை. பின்லாந்தில் மறதிநோயாளரையும் பராமரிப்பவரையும் 89 சோடிகளாகச் சேர்த்து, பத்து வாரங்கள் பாடவும் இசை கேட்கவும் பயிற்றிய ஆய்வொன்று 2014ஆம் ஆண்டில் வெளியானது. நோயாளரின் மனநிலை சீரடைந்ததோடு, சேர்ந்து பாடிய குழுவில் பராமரிப்பவரின் மனநலமும் மேம்பட்டமை அதில் தெரியவந்தது. நாள் முழுவதும் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் தடுப்பதுமாக இருந்தவர், பாடும் அந்தக் கால்மணி நேரத்தில் மீண்டும் மகளாகின்றார்.

புலம்பெயர்ந்த நாடுகளிலுள்ள எமது முதியோருக்கும் இது பொருந்தும். கனடாவிலோ இலண்டனிலோ பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர், பின்னர் கற்ற ஆங்கிலத்தை இழந்து தமிழுக்கே திரும்பக்கூடும். அங்குள்ள தாதியருக்குத் தேவாரம் தெரியாது. பிள்ளைகள் தம் குரலிலேயே பத்துப் பாடல்களைப் பதிவுசெய்து, எது எந்நேரத்துக்கு உரியது என எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

எமது ஆலயமும் இதில் செய்யக்கூடியது உண்டு. திருவிழாக்காலத்து ஒலிபெருக்கியும் தவிலும் சனநெருக்கடியும் மறதிநோயாளரை மிரளச் செய்யும். (ஒலிபெருக்கி நோயற்றவர்களையும் மிரளச் செய்கின்றது என்பதை நிருவாகசபையினர் பொறுத்தருள்க.) திருவிழா இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையில், மாலைப் பூசைக்கு முன்னர், வசந்தமண்டபத்துப் பக்கமாக நாலைந்து கதிரைகள் போட்டு, அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் முதியவர்களோடு சேர்ந்து அரைமணி நேரம் பாடலாம். எவரேனும் இடையில் எழுந்து நடந்தாலும், பாடியதையே திரும்பப் பாடினாலும், பிள்ளைகள் சிரிக்காதிருக்க முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அந்த அரைமணி நேரம் பராமரிப்பவர் வீதியைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு, தேர்முட்டியடியில் சற்று இருந்துவிட்டு வரட்டும்.