நடுவில் மடங்கும் டிராக்டர்: அப்பா வாங்கலாமா?

மாணவர்களே, திருப்புத்திறன் பாடத்தை மீள்பார்வை செய்த அன்று, மூன்றாம் படிவ மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் ஒரு விற்பனைத் தாளை என்னிடம் நீட்டினான்.

"டீச்சர், அப்பா இதை வாங்கலாமா என்று யோசிக்கிறார். இந்த டிராக்டர் நடுவில் மடங்குமாம். நல்லதா?"

ஹிலிர் பேராக் பக்கம் அவர்களுக்குப் பத்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. வெட்டிய குலைகளை அப்பாவே ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து, லோரி வரும் பாதை வரை தள்ளிக்கொண்டு வருகிறார். போன வருடத்திலிருந்து அவருக்குத் தோள்பட்டை வலி. வாங்கினால் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும் என்பது அம்மாவின் கவலை. நான் உடனே பதில் சொல்லவில்லை. "உட்கார், கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களுக்கும் தருகிறேன்.

சாதாரண டிராக்டரில் முன் சக்கரங்கள் மட்டும் திரும்பும். மடங்கும் டிராக்டரில் எந்தச் சக்கரமும் தனியாகத் திரும்பாது. வண்டியின் உடலே முன்பாதி, பின்பாதி என இரண்டாக இருக்கும். நடுவில் கதவுக் கீல் போல ஒரு செங்குத்தான முளை இரண்டையும் இணைக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஹைட்ராலிக் உருளை ஒன்று நீண்டு அல்லது சுருங்கி வண்டியையே வளைக்கும். இத்தாலியின் திராட்சைத் தோட்டங்களிலும் பழத்தோட்டங்களிலும், நான்கு சக்கரமும் ஒரே அளவில் உள்ள இத்தகைய சிறு டிராக்டர்கள் பல காலமாக ஓடுகின்றன. அங்கே கொடிவரிசைகளுக்கு நடுவே இடம் குறைவு.

"குறுகிய இடத்தில் திரும்பும்" என்று விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உண்மையா? ஒரு வரைபடத் தாளை எடுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வண்டியின் முன் சக்கரங்களை 45 பாகை திருப்புங்கள். முன் அச்சுக் கோட்டையும் பின் அச்சுக் கோட்டையும் நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளிதான் வண்டி சுற்றும் மையம். ஓர் இருசமபக்கச் செங்கோண முக்கோணம் கிடைக்கும். பின் அச்சின் நடுப்புள்ளி 1.4 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது. முன் அச்சின் நடுப்புள்ளி, பைதாகரஸ் விதிப்படி, 1.98 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது. இப்போது அதே நீளமுள்ள வண்டியைச் சரியாக நடுவில் 45 பாகை மடக்கி வரையுங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டுமே 1.69 மீட்டர் ஆரத்தில் சுற்றும்.

இதை வரைந்து பார்க்கும்வரை நானும் தவறாகத்தான் நினைத்திருந்தேன். மடங்கும் வண்டியின் வட்டம் ஒன்றும் பெரிதாகச் சுருங்கிவிடவில்லை. வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது: பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வருகிறது. சாதாரண வண்டியில் பின் சக்கரம் 58 சென்டிமீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு போகும். மரத்தடியிலோ கால்வாய் ஓரத்திலோ அந்த 58 சென்டிமீட்டர் பெரிய தொல்லை. கடலோரச் செம்பனை நிலங்களில் கால்வாய்கள் அதிகம். அவற்றின் மேல் பலகைப் பாலங்கள்தான் இருக்கும். முன் சக்கரம் பலகையில் ஏறிவிட்டால் பின் சக்கரமும் ஏறும் என்று நம்ப முடிவது நல்ல விஷயம். இன்னொன்று, செம்பனையின் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. நான்கு தடங்களுக்குப் பதில் இரண்டு தடங்களில் மட்டும் மண் அமுங்கினால் மரத்துக்கும் நல்லது.

ஆனால், வரிசைகளுக்கு நடுவே திரும்புவதற்கு இவ்வளவு தேவையா? செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் சமபக்க முக்கோணமாக நடுகிறார்கள். அப்படியானால் வரிசைக்கும் வரிசைக்கும் 7.8 மீட்டர். சாதாரண சிறு டிராக்டரும் அதில் தாராளமாகத் திரும்பும். திராட்சைத் தோட்டத்துக்கு அவசியமானது நமக்கும் அவசியம் என்று சொல்ல முடியாது.

அடுத்தது, எவ்வளவு தூக்கும் என்ற கேள்வி. நம் திருப்புத்திறன் பாடம் வேலை செய்வது இங்கேதான். வண்டியின் முன்பாதி 400 கிலோ, பின்பாதி 600 கிலோ என்போம். கணக்கை எளிமையாக்க ஒவ்வொரு பாதியின் எடையும் அதன் அச்சின் மேல் இருப்பதாகக் கொள்வோம். குலைகள் நிறைந்த வாளி முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் இருக்கிறது. முன் சக்கரங்கள் தரையைத் தொடும் இடம்தான் சுழலும் புள்ளி. சீசோ போலத்தான்: ஒரு பக்கம் வாளி, மறுபக்கம் பின்பாதி. முன்பாதி நடுவில் இருப்பதால் அது எந்தப் பக்கமும் உதவாது.

வண்டி நேராக நிற்கும்போது பின்பாதி 1.4 மீட்டர் தள்ளி இருக்கிறது. 600 ஐ 1.4 ஆல் பெருக்கி 1.2 ஆல் வகுத்தால் 700. அதாவது வாளியில் 700 கிலோ ஏறினால் பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். இப்போது வண்டியை 45 பாகை மடக்குங்கள். பின்பாதி பக்கவாட்டில் ஒதுங்கிவிடுகிறது. முன் அச்சுக்கு நேர் பின்னால் அளந்தால் தூரம் ஏறக்குறைய 1.2 மீட்டர்தான். கவிழும் எடை 600 கிலோவாகக் குறைந்துவிட்டது. வாளியில் எதையும் கூட்டவில்லை, ஸ்டீயரிங்கை மட்டுமே திருப்பினோம். 650 கிலோவை ஏற்றிக்கொண்டு நேராக வந்தவர், திரும்பும் இடத்தில் கவிழ்வார்.

இதனால்தான் மடங்கும் சுமையேற்றிகளின் விவரத் தாளில் கவிழும் எடையை இரண்டாகப் போடுவார்கள்: நேராக நிற்கும்போது ஒன்று, முழுதாக மடங்கியிருக்கும்போது ஒன்று. வாளிச் சுமையில் பாதுகாப்பான எடை என்பது இரண்டாவது எண்ணில் பாதி. நம் வண்டிக்கு 300 கிலோ. குலை ஒன்று 15 கிலோ என்றால் இருபது குலை. என் மாணவன் கொண்டுவந்த தாளில் ஓர் எண் மட்டுமே இருந்தது. எந்த நிலையில் எடுத்தது என்று எழுதவில்லை. கடைக்காரரிடம் அப்பா முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்றேன்.

தட்டையான, உறுதியான தரைக்குத்தான் இந்தக் கணக்கு. வாளியை உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் உயரும். சரிவில் குறுக்கே போனால் ஆபத்து இன்னும் கூடும். பல வண்டிகளில் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்ளவும் முடியும். மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைப் பிடிக்க அது உதவும். ஆனால் ஒரு பாதியில் உட்கார்ந்திருப்பவருக்கு மறுபாதி கிளம்புவது தாமதமாகத்தான் தெரியும். தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் இல்லாத வண்டியை, விலை குறைவு என்று வாங்கவே கூடாது. என்ஜின் ஓடும்போது நடுமுளைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. தம்பி தங்கைகள் ஏறி விளையாடும் வீடாக இருந்தால் இதை இரண்டு முறை சொல்லுங்கள். கதவிடுக்கில் விரல் மாட்டுவது போலத்தான், ஆனால் இங்கே மாட்டுவது உடம்பு.

குதிரைத்திறனைப் பற்றி விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள். 1,300 கிலோ நிறைச் சுமையோடு ஈரமண்ணில் போக, எடையில் பத்தில் ஒரு பங்கு விசை தேவை என்று வைத்தால் 1,300 நியூட்டன். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 2.6 கிலோவாட், அதாவது மூன்றரைக் குதிரைத்திறன். தட்டை நிலத்தில் குலை சுமக்க 25 குதிரைத்திறன் வண்டி தாராளம்.

கடைசியாகப் பணம். பத்து ஏக்கர் என்பது சுமார் 4 ஹெக்டர். மலேசியாவின் சராசரி விளைச்சல் அண்மை ஆண்டுகளில் ஹெக்டருக்குப் பெரும்பாலும் 15 முதல் 17 டன் குலை. 16 என்றால் அவர்களுக்கு ஆண்டுக்கு 64 டன். இரண்டு வாரத்துக்கு ஒரு வெட்டு என்றால், ஒரு வெட்டுக்கு இரண்டரை டன். தள்ளுவண்டியில் நடைக்கு 100 கிலோ என்றால் 25 நடை. டிராக்டரில் ஒன்பது நடை, அதுவும் உட்கார்ந்தபடி. தோள்பட்டைக்கு இது சாதாரண விஷயமில்லை.

வண்டியின் விலை 60,000 ரிங்கிட், உழைப்பது பத்து ஆண்டு என்று ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 640 டன்னுக்குப் பங்கிட்டால் டன்னுக்கு ஏறக்குறைய 94 ரிங்கிட். டீசல், டயர், பழுது எல்லாம் இதற்கு மேல். ஒரே அளவு நிலமுள்ள ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் டன்னுக்கு 19 ரிங்கிட்தான் வரும். வெட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதால், மற்ற நாட்களில் வண்டி சும்மா நிற்கிறது. ஐந்து பேர் மாறி மாறி ஓட்டலாம்.

ஆகவே, தனியாக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டாக வாங்கலாம். இல்லையென்றால், இரண்டாம் கையாக ஒரு சாதாரண சிறு டிராக்டரும் இழுவைப் பெட்டியும் போதும். மடங்கும் வண்டிக்குக் கூடுதல் காசு கொடுக்க ஒரே காரணம் அந்தப் பலகைப் பாலங்கள்தான். "அவற்றின் அகலத்தை அளந்து வா" என்று அனுப்பினேன்.

திங்கட்கிழமை வந்தான். நிலத்தில் மூன்று பாலங்கள். இரண்டு 1.5 மீட்டர், ஒன்று 1.1 மீட்டர். வண்டியின் வெளி அகலம் 1.2 மீட்டர். பக்கத்து நிலத்து மாமாக்கள் இருவரிடம் அப்பா பேசிவிட்டாராம். மூன்றாவது பாலத்துக்குப் பலகை என்ன விலை என்று அவன் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறான்.