ஒட்டாத வாசகம்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். "அக்டோபர் 12 எங்க அன்பியம்தான் வழிபாடு பெரியப்பா. மையக்கருத்து 'நன்றி'ன்னு முடிவு பண்ணிட்டோம். நாமான் கதைக்கும் பத்துத் தொழுநோயாளர் கதைக்கும் அது பொருந்துது. ரெண்டாம் வாசகம் மட்டும் ஒட்டவே மாட்டேங்குது. முன்னுரையில எப்படியாச்சும் நன்றியோட சேர்த்து எழுதித் தாங்க. அப்படியே அஞ்சு பாட்டும் சொல்லிடுங்க."

பாட்டு கிடக்கட்டும். அந்த 'ஒட்டவே மாட்டேங்குது'தான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். அது ஒட்டாது. ஒட்ட வேண்டும் என்று யாரும் அதை அங்கே வைக்கவில்லை.

1969இல் புதிய வாசக நூலை அமைத்தவர்கள் பொதுக்கால ஞாயிறுகளுக்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். நற்செய்தி வாரா வாரம் தொடர்ந்து போகும். இந்த ஆண்டு லூக்கா. அந்த நற்செய்திக்குத் தோதாக முதல் வாசகத்தைப் பழைய ஏற்பாட்டிலிருந்து தேடி எடுத்தார்கள். இரண்டாம் வாசகத்துக்குத் தனித் தண்டவாளம். 27ஆம் ஞாயிறு தொடங்கி 30ஆம் ஞாயிறு வரை நான்கு வாரம் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தைப் பகுதி பகுதியாக வாசிக்கிறோம். வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி. உன் ஞாயிறு அதில் இரண்டாம் வாரம். பவுல் குற்றவாளியைப் போல விலங்கு மாட்டிக் கிடக்கிறார், கடவுளின் வார்த்தைக்கு விலங்கு மாட்ட முடியாது என்கிறார். அந்தப் பகுதியில் நன்றி என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் "சிறையிலும் பவுலடியார் நன்றி உள்ளவராக வாழ்ந்தார்" என்று ஒரு முன்னுரையை நான் இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். பாவம் பவுல், விலங்கோடு விலங்காக இதையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

திருவருகைக் காலம், தவக்காலம், பெருவிழாக்கள் ஆகியவற்றில் மூன்று வாசகங்களும் ஒன்றையொன்று பார்த்துப் பேசும். பொதுக்காலத்தில் அப்படி எதிர்பார்க்காதே. உன் குழுவிலும் இதைச் சொல்.

அப்படியென்றால் திட்டமிடுவதை எங்கிருந்து தொடங்குவது? என் பதில் உனக்குத் தெரியும், வீட்டில் எல்லாரும் கேலி செய்வதுதான்: பதிலுரைப் பாடலிலிருந்து. அது முதல் வாசகத்துக்கு மக்கள் சொல்லும் பதில். முதல் வாசகமோ நற்செய்திக்காக எடுக்கப்பட்டது. ஆக, இரண்டையும் இணைத்துப் பார்த்தவர்கள் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதைத் திருப்பாடல் காட்டிக்கொடுத்துவிடும்.

உன் ஞாயிற்றையே எடுத்துக்கொள். நாமானுக்குத் தோல் குணமாகிறது. திரும்பி வந்து எலிசாவின் முன் நிற்கிறான். பத்துப் பேருக்குக் குணமாகிறது. ஒருவன் திரும்பி வருகிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் 'நன்றி'தான் தோன்றும். அப்புறம் திருப்பாடலைத் திற. 98ஆம் திருப்பாடல். அதில் பேச்சு முழுக்க வேறு. பிற இனத்தார் கண்முன் கடவுள் மீட்பைக் காட்டினார், உலகின் கடையெல்லை வரை பார்த்தார்கள் என்று போகிறது. இப்போது கதைகளுக்குத் திரும்பி வா. நாமான் யார்? சிரியாக்காரன், எதிரி நாட்டுப் படைத்தலைவன். திரும்பி வந்த அந்த ஒருவன் யார்? சமாரியன். இயேசு அவனை அன்னியர் என்றே குறிப்பிடுகிறார். அன்றைய வாசகங்களின் நரம்பு அங்கே ஓடுகிறது. நம் ஆள் ஒன்பது பேர் போன வழி தெரியவில்லை, வெளியாள் வந்து காலில் விழுகிறான். 'நன்றி சொல்லப் பழகுவோம்' என்று எழுதினால், இந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ரோஜாவை மட்டும் நீட்டுகிறாய்.

இன்னொன்று சொல்கிறேன். அடுத்த ஆண்டு 18ஆம் ஞாயிறு, ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த நற்செய்தி வரும். எல்லாப் பங்குகளிலும் 'பகிர்வு' என்று எழுதுவார்கள், எழுதி வைத்துக்கொள். அன்றைய 145ஆம் திருப்பாடலோ கடவுள் கையைத் திறப்பதைப் பற்றிப் பேசுகிறது. கை யாருடையது என்பது முக்கியமில்லையா? இந்தச் சாவி எல்லாப் பூட்டுக்கும் சேருமா என்று ஒரு சாமியார் என்னை மடக்கினார். பத்துக்கு எட்டுக்குச் சேரும் சாமி என்றேன். மீதி இரண்டில் என் புத்திதான் போதவில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

இவ்வளவு முக்கியமான பாடலைத்தான் நம் பாடகர் குழுக்கள் தூக்கி எறிகின்றன! பதிலுரைப் பாடல் வரும் இடத்தில் ஏதோ ஒரு தியானப் பாட்டைப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வாசக நூலில் உள்ள திருப்பாடலுக்குப் பதிலாக வேறு பாட்டுப் பாடக் கூடாது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 61ஆம் எண்ணில் பச்சையாகவே சொல்கிறது. கேட்டால், "மெட்டு இல்லைங்க ஐயா." மெட்டு இல்லாவிட்டால் வாசியுங்கள், மக்கள் பல்லவியைச் சொல்லட்டும். ஒருவர் நிதானமாக வாசித்தாலே போதும்.

புனித அகுஸ்தினார் காலத்திலும் இதில் குளறுபடி நடந்திருக்கிறது. ஒரு நாள் சின்னத் திருப்பாடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மறையுரையும் யோசித்து வைத்துவிட்டு, வாசகரிடம் சொல்லி அனுப்புகிறார். அந்த ஆள் பதற்றத்தில் நீளமான வேறொரு பாடலைப் பாடிவிடுகிறான். அகுஸ்தினார் அவனைத் திட்டவில்லை. வாசகரின் தவற்றில் கடவுளின் விருப்பம் இருக்கும் என்று சொல்லி, பாடிய பாடலுக்கே மறையுரை ஆற்றுகிறார். அந்த உரை இன்றும் கிடைக்கிறது. பழைய எண்ணிக்கையில் 138, நம் திருவிவிலியத்தில் 139ஆம் பாடல். திட்டம் போட்டவர் ஒருவர், திட்டம் குலைந்தபோது எப்படி நின்றார் என்பதற்காகவே அதை அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். எனக்கு அந்தப் பொறுமை வந்ததில்லை.

முன்னுரை விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். தமிழாசிரியராக இருந்தவன், மன்னித்துக்கொள். திருப்பலி முன்னுரை, முதல் வாசக முன்னுரை, இரண்டாம் வாசக முன்னுரை என்று மூன்று. ஒரு பங்கில் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: திருப்பலி முன்னுரை மட்டும் நான்கு நிமிடம் பத்து விநாடி. அன்றைய நற்செய்தியை வாசிக்க அதில் பாதிகூட ஆகவில்லை. 'இறை இயேசுவில் பிரியமானவர்களே' என்று தொடங்கி, 'இன்றைய இறைவார்த்தை நமக்கு அழைப்பு விடுக்கிறது' என்று போய், நற்செய்தியில் என்ன நடக்கப்போகிறது என்பதையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். படத்துக்குப் போகும் வழியிலேயே முடிவைச் சொல்லும் ஆள் நம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவரைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்த மாதிரி. விளக்கம் சொல்பவர் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், வாசக மேடையில் நின்று சொல்லக் கூடாது என்று அதே பொதுப் படிப்பினை 105இல் இருக்கிறது. வாசக மேடை வாசகங்களுக்கு உரியது.

உன் முதல் வாசகத்துக்கு ஒன்றே ஒன்று சொன்னால் போதும். குணமான நாமான் இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவுக்கு மண் கேட்கிறான். ஏன் மண்? அந்தந்த மண்ணுக்கு அந்தந்தத் தெய்வம் என்று நம்பிய காலம் அது. இஸ்ரயேலின் கடவுளைத் தன் ஊரில் வணங்க இஸ்ரயேலின் மண் வேண்டும் என்று நினைக்கிறான். இதை நம் மக்களுக்குப் பாடமாக நடத்தத் தேவையில்லை. 1693இல் அருளானந்தர் வெட்டுண்ட ஓரியூருக்குப் போய், அந்தச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கிறவர்கள்தானே நாம். உன் ஆத்தாவின் பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில், இன்றும் ஒரு பொட்டலம் இருக்கிறது. 'ஓரியூர் மண்ணை எடுத்து வருகிற நமக்கு நாமானைப் புரியும்' என்ற அளவில் நிறுத்திக்கொள். இரண்டாம் வாசகத்துக்கு முன்னுரையே வேண்டாம்.

நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எகேரியா என்றொரு பெண் மேற்கிலிருந்து கிளம்பி எருசலேமுக்குப் போனாள். அங்கே ஆண்டு முழுக்க எந்த நாளில் எந்த இடத்தில் என்ன வழிபாடு என்று ஊரிலுள்ள சகோதரிகளுக்குக் கடிதமாக எழுதினாள். அது பல நூற்றாண்டுகள் காணாமல் போய், 1884இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் ஒரு கையெழுத்துப் பிரதியில் அகப்பட்டது. முன்னும் பின்னும் ஏடுகள் இல்லை. அவள் திரும்பத் திரும்ப வியப்பது ஒன்றைத்தான்: பாடல்களும் வாசகங்களும் அந்த நாளுக்கும் அந்த இடத்துக்கும் பொருந்தியே இருக்கின்றன என்கிறாள். ஆயர் கிரேக்கத்தில் பேசுவார், பக்கத்தில் ஒரு குரு நின்று சிரியாக் மொழியில் சொல்லுவார் என்பதையும் மறக்காமல் குறித்திருக்கிறாள். எவ்வளவு கூர்மையான கண்! நாள், இடம் இரண்டையும் பார் என்று நான் உனக்குச் சொல்வதெல்லாம் அவளிடம் கற்றது.

இடம் என்றதும் காணிக்கைப் பவனி நினைவுக்கு வருகிறது. இளையோர் ஞாயிறு என்றால் கிரிக்கெட் மட்டையும் பந்தும் பீடத்துக்குப் போகின்றன. ஆசிரியர் தினம் என்றால் சுண்ணக்கட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் வேறு. திருப்பலி முடிந்ததும் மட்டைக்குச் சொந்தக்காரப் பையன் சக்ரிஸ்திக்கு ஓடி வந்து அதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டால் அது என்ன காணிக்கை? அப்பமும் இரசமும் போகட்டும். கூடவே ஏழைகளுக்குக் கொடுக்க ஐந்து கிலோ அரிசி போகட்டும். அரிசி திரும்பி வராது.

"ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தால்தானே பங்கேற்பு" என்று உங்கள் குழுவில் ஒருவர் சொன்னாராமே. 1963 டிசம்பர் 4 அன்று 2,147 வாக்குகளுக்கு எதிராக வெறும் 4 வாக்குகள் விழுந்து நிறைவேறியது வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு. முழுமையான, உணர்ந்த, செயல்முறைப் பங்கேற்பைக் கேட்ட ஏடு அதுதான். அதே ஏடு 30ஆம் எண்ணில் மக்கள் எப்படிப் பங்கேற்பது என்று பாடல், பதில், செயல் என்றெல்லாம் அடுக்கிவிட்டு, உரிய நேரத்தில் மௌனம் என்றும் சேர்க்கிறது. மறையுரை முடிந்ததும் உங்கள் கீபோர்டு தம்பியை அரை நிமிடம் விசையிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல். முடியாது என்பான். கெஞ்சிக் கேள்.

மன்றாட்டுகளில் திருச்சபை, நாட்டை ஆள்வோர், துன்புறுவோர், நம் பங்கு என்ற வரிசையை விடாதே. கடவுளுக்குப் பாடம் நடத்தாதே. ஒரு மூச்சில் சொல்லி முடிகிற அளவு இருக்கட்டும். துன்புறுவோருக்கான மன்றாட்டில் சிறையில் இருப்பவர்களை, குறிப்பாக வழக்கு முடியாமலே உள்ளே கிடப்பவர்களைச் சேர். உன் ஒட்டாத வாசகம் அங்கே வந்து உட்காரும், பவுல் விலங்கோடுதானே இருக்கிறார். தொழுநோய் வந்து குணமான பிறகும் வீட்டில் சேர்க்கப்படாதவர்களை நினை. வெளியூரிலிருந்து நம் ஊர்ச் செங்கல் சூளைகளுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில் தமிழ் புரியாமல் நிற்கிற அந்த ஒடிசாக் குடும்பங்களை நினை. அவர்களில் ஒருவரைக் காணிக்கைப் பவனியில் அப்பத்தை ஏந்தி வரக் கேட்டுப் பாரேன். சாமியாரிடம் முதலில் சொல்லிவிடு.

பாட்டு ஐந்து கேட்டாய். வருகைப் பாடலும் திருவிருந்துப் பாடலும் மக்களுக்குத் தெரிந்ததாக எடு, புதுப் பாட்டு வேண்டாம். காணிக்கைக்கு இசை மட்டும் போதும். பதிலுரைப் பாடல் 98. கடைசிப் பாட்டு உன் இஷ்டம், அதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். முதல் வாசகம் யார் வாசிக்கிறார்? இதே வாசகம் 2022இல் எங்கள் கோவிலில் வந்தபோது ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். முன்னதாகப் படித்துப் பார்க்காமல் நேரே மேடையேறிவிட்டாள். கோவேறு கழுதை வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீடச் சிறுவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வியாழக்கிழமையே ஆளை முடிவு செய்து, சத்தமாக நான்கு முறை வாசிக்க வை. கழுதை வரும் இடத்தை ஐந்தாவது முறையும்.

அன்புடன்,
உன் பெரியப்பா