ஏலத்தில் கை தூக்குவதற்கு முன்

பூசா ரோடு,
புது தில்லி.

சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஏலப் பட்டியலை மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தாயிற்று. இரண்டு பொருளுக்குக் குறி வைத்திருக்கிறாய். ஒன்று லண்டனில் ஏலத்துக்கு வரும் பயனெட், துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. இன்னொன்று மும்பையில் வரும் வெஸ்ட் எண்ட் கைக்கடிகாரம். பகலில் பெங்களூர் வீட்டில் ஆளில்லை, அதனால் இரண்டு பார்சலையும் பூசா ரோடு விலாசத்துக்கு அனுப்பச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறாய். கடிகாரம் தாராளமாக வரட்டும். பயனெட் கதை வேறு. அது புறப்பட்டால் மாமா வீட்டு வாசலுக்கு வராது. சுங்கத்துறையின் கடிதம்தான் வரும்.

ஆயுதச் சட்டம் என்றால் துப்பாக்கிக்கு மட்டும்தான் என்று சேகரிப்பாளர்களிலேயே பலர் நினைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையைப் புரட்டினால் ஐந்தாம் வகையில் வாள், குத்துவாள், ஈட்டி வரிசையில் பயனெட்டும் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ஆயுதங்களை நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் உரிமம் கேட்கிறது. பழமை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு 45-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது, உண்மை. ஆனால் உன் பயனெட்டுக்கு அந்த விலக்கு பொருந்துமா என்ற விவாதத்தைச் சரக்கு வந்து இறங்கிய பிறகு விமான நிலையத்தில் நடத்தக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். உள்நாட்டில் வீட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்பது அந்தந்தப் பகுதிக்கு அரசு வெளியிட்டிருக்கும் அறிவிக்கையைப் பொறுத்தது. தில்லியில் கத்திகளுக்கென்றே அப்படி ஓர் அறிவிக்கை உண்டு. ஆகவே தில்லி போலீஸின் லைசென்சிங் பிரிவில் கேட்காமல் இந்த விலாசத்தை யாருக்கும் கொடுக்காதே.

இது ஒரு சட்டம். இன்னொன்று 1972-இல் வந்த தொல்பொருள், கலைச் செல்வச் சட்டம். 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள் 100 வயதைத் தாண்டினால் தொல்பொருள் ஆகிவிடும். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகம் 3 வருடம் சிறை. 1917-இல் அடித்த பயனெட்டும் அந்தக் காலத்துப் பாக்கெட் கடிகாரமும் இப்போது அந்த வயதைக் கடந்தவை. ஜாமா மசூதிப் பக்கத்துக் கடைகளிலோ சுந்தர் நகர் சந்தையிலோ வாங்கிய ஒன்றை, நாளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம் என்று எண்ணாதே. சந்தேகம் வந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று கேட்பதுதான் வழி.

சட்டம் போதும். பொருளுக்கு வருவோம்.

1907 மாதிரி பயனெட், ஆங்கிலேய இந்தியப் படை சுமந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்குச் செய்தது. ஜப்பானிய அரிசாகா துப்பாக்கியின் பயனெட்டைப் பார்த்து வடிவமைத்தார்கள். அலகு மட்டும் 17 அங்குலம். முதலில் வந்தவற்றில் கைப்பிடிக் காப்பின் ஒரு முனை கொக்கியாக வளைந்திருக்கும். 1913-இல் கொக்கி வேண்டாம் என்று முடிவாயிற்று. ஏற்கெனவே சிப்பாய்களிடம் இருந்தவற்றிலும், பழுதுபார்க்க வந்தபோது கொக்கியை அறுத்துவிட்டார்கள். கொக்கியோடு தப்பியவை கொஞ்சம். அதனால் அவற்றுக்கு விலை அதிகம். விலை ஏறிய பிறகு பட்டறைகளில் புதுக் கொக்கிகள் முளைக்கத் தொடங்கின.

பொய்க் கொக்கியைப் பிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கைப்பிடியை ஒட்டிய அலகின் அடியில் முத்திரைகள் இருக்கும். கிரீடம், அதன்கீழ் அரசரின் எழுத்து, அடுத்து 1907 என்ற எண். புதியவர்கள் அந்த எண்ணைச் செய்த வருடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது மாதிரியின் பெயர். செய்த மாதமும் வருடமும் அதற்குக் கீழே சின்ன எண்களில் இருக்கும். பக்கத்தில் வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன் என்று செய்தவர் பெயர். மறுபக்கம் அகன்ற அம்புக்குறி அரசாங்கச் சொத்து என்று சொல்லும். பெருக்கல் குறி அலகை வளைத்துச் சோதித்தார்கள் என்று சொல்லும். மார்ச் 1917 என்று தேதி போட்ட அலகில் கொக்கி இருந்தால், கைவிட்ட பொருள் நான்கு வருடம் கழித்து எப்படித் திரும்பி வந்தது என்று விற்பவர்தான் விளக்க வேண்டும். கைப்பிடியின் கடைசியில் உள்ள சின்னத் துளையும் சாட்சிதான். அது 1916-இல் வந்தது. பழையவற்றுக்கும் பிறகு போட்டார்கள்.

நீ குறித்து வைத்திருப்பதில் ஆர்.எஃப்.ஐ. என்ற முத்திரை தெரிகிறது. கல்கத்தாவுக்கு வடக்கே உள்ள இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை அது. அலகு 12 அங்குலம்தான். “யாரோ அறுத்துக் கெடுத்திருக்கிறார்கள், அதனால்தான் மலிவு” என்று எழுதியிருக்கிறாய். அப்படி முடிவு கட்டிவிடாதே. இரண்டாம் உலகப் போரில் அவ்வளவு நீளம் வேண்டாம் என்று இந்தியாவில் ராணுவமே பழைய அலகுகளை 12 அங்குலமாக வெட்டி முனை தீட்டியது. பிறகு குட்டையாகவே புதிதாகவும் செய்தார்கள். வெட்டியவற்றில் அலகின் பழைய நடுப்பள்ளம் முனைப்பக்கம் வரை ஓடும். புதிதாகச் செய்தவற்றில் அந்தப் பள்ளமே இருக்காது. பள்ளம் இருக்கிறதா, முனை ஒழுங்காகத் தீட்டப்பட்டிருக்கிறதா, பிற்கால ஆய்வு முத்திரை உண்டா என்று படம் கேள். மூன்றும் சரியாக இருந்தால், உன் கையில் வரப்போவது சிதைந்த 1907 இல்லை, முழுமையான இந்திய மாதிரி.

மாமா இந்தக் கடிதத்தில் சொல்ல வந்ததே இதுதான். பழைய பொருளில் மாற்றம் இருப்பது குறையில்லை. யார் மாற்றினார்கள், எப்போது, எதற்காக என்பதில்தான் விலை நிற்கிறது. படை தன் தேவைக்குச் செய்த மாற்றம் அந்தப் பொருளின் சரித்திரம். சந்தை உன் பணத்துக்காகச் செய்தது வெறும் வேஷம்.

கடிகாரத்திலும் இதே கணக்கு. 1945-வாக்கில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 12 நிறுவனங்கள் ஒரே இலக்கணத்தில் கைக்கடிகாரம் செய்து கொடுத்தன. ஒமேகா, லாஞ்சின்ஸ், ஐ.டபிள்யூ.சி., ஜேஜர்-லெகூல்ட்ர், சைமா, பியூரென், எடெர்னா, கிரானா, லெமானியா, ரெக்கார்ட், டிமோர், வெர்டெக்ஸ். சேகரிப்பாளர்கள் அவற்றை ‘டர்ட்டி டஸன்’ என்பார்கள். கிரானா கிடைப்பதுதான் அரிது. போருக்குப் பிறகு பழுதுபார்த்தபோது பாதுகாப்பு அமைச்சகமே பலவற்றின் முகப்பை மாற்றியது. அந்த மாற்று முகப்புக்கும் சந்தையில் மரியாதை உண்டு.

நம் ஊரில் நடப்பது வேறு. பழைய எச்.எம்.டி., ஃபாவ்ர்-லூபா, சீக்கோ, வெஸ்ட் எண்ட் கடிகாரங்களின் முகப்பைச் சுரண்டி, மஞ்சளும் நீலமும் ஆரஞ்சுமாகப் புதுச்சாயம் அடித்து, ஒரு நிறுவனத்தின் எந்திரத்தை இன்னொன்றின் கூட்டில் போட்டு விற்கிறார்கள். உலகச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’. தினமும் கட்டிக்கொள்ள ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் பாதகமில்லை. ஏல விலைக்கு வாங்கினால் அம்போ.

வெஸ்ட் எண்ட், பம்பாயைத் தளமாக வைத்துச் சுவிட்சர்லாந்தில் செய்யவைத்து விற்ற பெயர். அதன் ‘ஸோவார்’ (குதிரைவீரன்) மாதிரி, பேருக்கேற்றபடி படை வீரர்களிடையே ஓடியது. படத்தில் முகப்பு கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. எழுத்துகளின் விளிம்பு தடித்திருக்கிறது. இரண்டும் மாமாவுக்கு ரசிக்கவில்லை. பின்மூடியைத் திறந்த படம் கேள். எந்திரத்தில் உள்ள பெயரும் முகப்பில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா பார். இன்னொரு விஷயம், முகப்பில் கடைக்காரர் பெயர் மட்டும் இருந்தாலும் போலி என்று தள்ளிவிடாதே. சென்னை மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸும் கல்கத்தா குக் அண்ட் கெல்வியும் சுவிஸ் எந்திரங்களில் தங்கள் பெயரைப் போட்டு விற்றார்கள். குக் அண்ட் கெல்வியின் கடை இங்கே கன்னாட் பிளேஸ் சிந்தியா ஹவுஸில் உண்டு.

இருட்டில் ஒளிர்ந்த பழைய முள்களில் ரேடியம் இருக்கலாம். இப்போது ஒளிரவில்லையே என்று அலட்சியம் வேண்டாம். ஒளியைக் கொடுத்த துத்தநாக சல்ஃபைடு தேய்ந்துபோயிருக்கும். ரேடியத்தின் பாதி வாழ்நாள் சுமார் 1,600 வருடம். அது அப்படியே இருக்கும். வீட்டில் திறக்காதே, சுரண்டாதே, ஊதாதே. விவரம் தெரிந்த ரிப்பேர்காரரிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடு.

இனி விலை. 2009 மார்ச் 5 அன்று நியூயார்க்கில் ஆன்டிகோரம் நிறுவனம் காந்தியின் ஜெனித் பாக்கெட் கடிகாரம், மூக்குக் கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றை ஏலம் விட்டது. தில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தும் நியூயார்க்கில் ஏலம் நடந்தது. விஜய் மல்லையா 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். 2017-இல் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. 2023 மே மாதம் லண்டனில் திப்புவின் படுக்கையறை வாள் 1.4 கோடி பவுண்டைத் தாண்டியது. இந்த விலையெல்லாம் யாருடையது என்பதற்கு. அதை நிரூபிக்கும் காகிதச் சங்கிலி அறுபடாமல் இருந்தால் மட்டுமே அந்தக் கதைக்குக் காசு. “மெசபடோமியா போரில் பங்கெடுத்த சுபேதாருடையது” என்று உன் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. பெயர், படைப்பிரிவு, குடும்பத்தின் கடிதம் எதுவும் இல்லை. அந்த வரிக்கு மாமா ஒரு ரூபாயும் தரமாட்டார்.

சுத்தியல் தட்டும் விலை முழு விலை ஆகாது. வாங்குபவர் கமிஷன் பல நிறுவனங்களில் 20 சதவீதமோ அதற்கு மேலோ. கமிஷன் 25 சதவீதம் என்று வை, ஒரு லட்சத்துக்கு எடுத்தால் கையை விட்டுப் போவது ஒன்றேகால் லட்சம். அதற்கு மேல் வரி, காப்பீடு, அனுப்பும் செலவு. எல்லாம் சேர்த்து உச்சவரம்பு ஒன்றை முந்தின நாளே தாளில் எழுதிவை. ஒரு தரம், ரெண்டு தரம் என்று குரல் ஏறும்போது அந்தத் தாள் கண் முன்னே இருக்கட்டும்.

வாங்கியதைத் தேய்த்துப் பளபளப்பாக்காதே. அலகில் லேசாக எண்ணெய் தடவினால் போதும். முத்திரை மழுங்கினால் அடையாளமே போயிற்று. தோல் உறையில் செருகியே வைக்காதே. தோலில் உள்ள ஈரமும் பதனிட்ட அமிலமும் இரும்பைத் தின்னும்.

கண் பழக அருங்காட்சியகம்தான் பள்ளிக்கூடம். தஞ்சை அரச வம்சம் 1855-இல் ஆண் வாரிசின்றி முடிந்த பிறகு, அரண்மனை ஆயுதசாலையில் பெரும்பகுதியைப் பழைய இரும்பாக உடைத்தார்கள். பொறுக்கியெடுத்த சில எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து தப்பின. சென்னை போகும்போது அதையும் கோட்டை அருங்காட்சியகத்தையும் பார். இங்கே வந்தால் செங்கோட்டை அருங்காட்சியகங்களுக்குக் கூட்டிப் போவது மாமாவின் பொறுப்பு. உன் ஊரிலேயே ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. அருங்காட்சியகம் இருக்கிறது. ஜப்பானின் சிட்டிஸன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் கடிகாரம் செய்யத் தொடங்கி 2016-இல் மூடிய கதை முழுதும் அங்கே கிடைக்கும். மூல முகப்பு கொண்ட ஒரு ‘ஜனதா’வை அங்கே நிதானமாகப் பார்த்தாலே சாயம் பூசிய முகப்பு உனக்குத் தனியாகத் தெரியும்.

இப்போதைக்கு இதைச் செய். லண்டன்காரர்களுக்கு இன்றே மின்னஞ்சல் போட்டு முத்திரைகள், நடுப்பள்ளம், முனை மூன்றுக்கும் நெருக்கப் படம் கேள். அதில் பூசா ரோடு விலாசத்தைப் போடாதே. மும்பைக்காரர்களிடம் பின்மூடி திறந்த படமும் கண்டிஷன் ரிப்போர்ட்டும் வாங்கி மாமாவுக்கு அனுப்பு. லைசென்சிங் பிரிவில் விசாரிக்க மாமா திங்கட்கிழமை போகிறார். பதில் வரும்வரை பயனெட்டுக்கு முன்பணம் கட்டாதே.

ஆசிகளுடன்,
மாமா