கிணற்று நீரும் வடிகட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வெங்காயத்துக்கு மிஞ்சியிடும் யூரியாவின் ஒரு பகுதி மண்ணில் நைத்திரேற்றாக மாறி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடாகக் கிணற்றைச் சேர்கின்றது. மலகூடக் குழிகளிலிருந்தும் கசிகின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

சுட்ட களிமண் வடிகட்டி கலங்கலையும் பெரும்பாலான கிருமிகளையும் தடுக்கும், நைத்திரேற்றைத் தடுக்காது. கொதிக்கவைத்தால் நீர் வற்ற அது செறியுமேயன்றிக் குறையாது. உலக சுகாதாரத் தாபனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மிஞ்சிய நீரிற் பால்மாக் கரைத்தூட்டினால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குன்றி உடல் நீலம்பாரிக்கக்கூடும்.

ஆதலால், வடிகட்டி வாங்குமுன் நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். கிருமி மட்டுமே குறையாயின் களிமண் வடிகட்டியும் கொதிக்கவைத்தலும் போதும், விலையும் குறைவு. நைத்திரேற்று மிகுந்தால் ஆர். ஓ. மென்றகட்டு வடிகட்டி உதவும். அது வெளியேற்றும் கழிவு நீரைக் கிணற்றடியிற் கொட்டலாகாது.